விளம்பரத்துக்குக் காசு போடும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

நான் பை தைத்து விற்கிறேன். என்னோடு இன்னும் இரண்டு பேர், மூன்று தையல் மெஷின், சுவர் ஓரமாகத் துணிச்சுருள்கள், அவ்வளவுதான் மொத்தத் தொழிலும். மார்க்கெட்டிங் படித்தவன் இல்லை. முதல் மூன்று வருடம் மார்க்கெட்டிங் என்றால் போஸ்ட் போடுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு போஸ்ட், இரவு படுக்கும் முன் எத்தனை லைக் என்று எண்ணுவது, நடுவில் நேரம் கிடைத்தால் பை தைப்பது. லைக் ஏறினால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்த மாதிரி ஒரு மிதப்பு, கல்லாவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பழக்கத்தை உடைத்தது ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு. நான் கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த நோட்டில் இருந்து வந்ததுதான். தையலை எடுத்துவிட்டு உங்கள் தொழிலை அங்கே வைத்துப் படியுங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

நோட்டில் என்ன எழுதுவது

ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி. தேதி, பெயர், வாங்கிய பொருள், அப்புறம் இரண்டு விஷயம்: எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது, வாங்கும்போது அவர் வாயால் சொன்னது என்ன. முதல் மூன்றும் பில்லிலேயே இருக்கும். கடைசி இரண்டும் எந்தப் பில்லிலும் இருக்காது, எந்த ஆப்பும் காட்டாது, நீங்கள் கேட்டால்தான் உண்டு.

கேட்பதில் ஒரு சின்ன சாமர்த்தியம் வேண்டும். "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் "ஆன்லைன்ல பார்த்தேன்" என்று முடித்துவிடுவார்கள். அதை அப்படியே எழுதினால் நோட்டு வீண். இன்னொரு கேள்வி போடுங்கள்: "என்னன்னு தேடினீங்க?" அங்கேதான் உண்மை வரும். "ஆபீஸ்ல ஒருத்தர் இந்தப் பை வெச்சிருந்தார், பேர் கேட்டேன், அப்புறம் தேடிப் பார்த்தேன்" என்பார்கள். ஆன்லைன் என்று அவர் சொன்னது வழி, அவரை நம்மிடம் அனுப்பியது அந்த ஆபீஸ்காரர். இரண்டையும் எழுதுங்கள். யார் சொல்லி வந்தார் என்பது தெரிந்தால் அந்தப் பெயரையும் எழுதுங்கள், அடுத்த முறை அந்த ஆளைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா?

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. க்ளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1923-லேயே, எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று எண்ணிப் பார்க்காமல் காசு போடாதே என்று எழுதியிருக்கிறார். விளம்பரத்தோடு ஒரு கூப்பனை அச்சடித்துவிட்டு, எந்த விளம்பரத்தின் கூப்பன் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று எண்ணுவது அந்தக் காலத்து முறை. நம்மிடம் கூப்பன் இல்லை, வாய் இருக்கிறது.

மூன்று மாதம் எழுதியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். பாதிக்கு மேல் ஏற்கனவே வாங்கியவர்கள், இல்லையென்றால் அவர்கள் சொல்லி வந்தவர்கள். அடுத்தது கூகுள் மேப்பில் தேடி வந்தவர்கள். தினமும் விழுந்து விழுந்து போட்ட போஸ்டைப் பார்த்து வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டார்கள். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம். போஸ்ட் வழியாகவே எல்லோரும் வரும் தொழில்களும் இருக்கின்றன. ஊகத்தில் முடிவெடுக்காமல் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதற்குத்தான் நோட்டே.

அவர்கள் சொன்னதை அவர்களிடமே சொல்லுங்கள்

கடைசிக் கட்டம்தான், அதாவது வாங்குபவர் வாயால் சொன்னது, எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. இரண்டு வருடமாக நான் எல்லா இடத்திலும் "தரமான பைகள், நியாயமான விலை" என்று எழுதி வைத்திருந்தேன். நோட்டில் ஒரே ஒரு ஆள்கூட "தரம்" என்ற சொல்லைச் சொன்னதாக இல்லை. மட்டமான பைகள் என்று யாராவது போர்டு வைப்பார்களா, யோசித்துப் பாருங்கள். எல்லோரும் சொல்வதை நாமும் சொன்னால் காதில் விழாது.

நோட்டில் திரும்பத் திரும்ப வந்த சொல் குடை. நனைந்த குடையை லேப்டாப் இருக்கும் பையில் வைக்கப் பயமாக இருக்கிறது என்று ஒருவர், குடைக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொண்டு அலைகிறேன் என்று இன்னொருவர். எங்கள் பையில் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு அறை இருந்தது, உள்ளே ரெக்சின் ஒட்டியது, அதில் குடை வைத்தால் ஈரம் மறுபக்கம் போகாது. அதை நாங்கள் பெரிதாக நினைத்ததே இல்லை. அந்த அறையைக் கொஞ்சம் நீளமாக்கி, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை வைத்து, சொட்டச் சொட்ட ஒரு குடையைச் செருகி ஒரு படம் எடுத்துப் போட்டு, கீழே "நனைந்த குடையும் காய்ந்த லேப்டாப்பும் ஒரே பையில்" என்று எழுதினேன். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் வந்தவர்கள் "அந்தக் குடைப் பை" என்று கேட்டு வந்தார்கள். பொருளுக்குப் பெயரை வாங்குபவரே வைத்துவிட்டால் அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஜெரோம் மெக்கார்த்தி என்ற பேராசிரியர் 1960-இல் மார்க்கெட்டிங்கை நான்காகப் பிரித்தார்: பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம். இன்றைக்கும் வகுப்புகளில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சின்னத் தொழில் செய்கிறவர்கள் முதல் மூன்றை விட்டுவிட்டு நேராக நான்காவதில் போய் விழுகிறோம், நானும் அப்படித்தான் விழுந்தேன். அடியில் போட்ட ஓட்டை பொருள் கணக்கில் வரும், படம் விளம்பரக் கணக்கில் வரும். ஓட்டை இல்லாமல் படம் மட்டும் எடுத்திருந்தால் முதல் மழையிலேயே சாயம் வெளுத்திருக்கும்.

செய்து பார்க்க விரும்பினால்: நோட்டில் இருந்து கடைசி முப்பது பேர் சொன்னதை ஒரே தாளில் எழுதுங்கள். மூன்று முறைக்கு மேல் வரும் சொல்லைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். போர்டு, போஸ்ட், மேப்பில் உங்களைப் பற்றிய குறிப்பு, பில்லின் அடிவரி, எல்லா இடத்திலும் அந்தச் சொல் வரட்டும். அழகுபடுத்தாதீர்கள். அவர்கள் "குடை" என்றால் நீங்களும் குடை என்றே எழுதுங்கள், "மழைக்காலத் துணை" என்று மாற்றினால் தேடுகிறவர் கையில் சிக்காது.

தள்ளுபடிக்கு முன் கால்குலேட்டர்

வியாபாரம் மந்தமானால் முதலில் கை போவது பத்து சதவீதம் தள்ளுபடிக்குத்தான். பத்துதானே என்று தோன்றும். ஒரு பையின் விலை 1000, அதைச் செய்ய ஆகும் செலவு 700 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கையில் நிற்பது 300. பத்து சதவீதம் குறைத்தால் விலை 900, செலவு அதே 700, நிற்பது 200. அதாவது விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தபோது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முன்பு 20 பை விற்று 6000 பார்த்தவர் அதே 6000 பார்க்க 30 பை விற்க வேண்டும். பாதி மடங்கு கூடுதல் விற்பனை, பாதி மடங்கு கூடுதல் தையல், அதற்கான துணியும் ஜிப்பும் முன்கூட்டியே வாங்கும் பணம், எல்லாம் செய்து முடித்துக் கையில் அதே தொகை.

தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். விலையை 1100 ஆக்கினால் நிற்பது 400, 15 பை விற்றாலே 6000 வந்துவிடும். ஐந்து வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் நஷ்டம் இல்லை, தைக்கும் வேலையும் குறைவு. நான் விலை ஏற்றியபோது இரண்டு இரவு தூக்கம் வரவில்லை, ஏற்றியதை யாருமே கவனிக்கவில்லை என்பது மூன்றாவது நாள் தெரிந்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் அதே பொருளை நான்கு பேர் விற்றால் விலை ஏற்றுவது வேறு கதை. ஆனால் உங்கள் விலை, செலவு, நிற்பது ஆகிய மூன்று எண்ணையும் பார்க்காமல் ஆஃபர் போர்டு எழுதாதீர்கள்.

காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 6000 செலவில் 12 புது ஆட்கள் வாங்கினார்கள் என்றால் ஒருவரைக் கொண்டுவர 500 ஆகியிருக்கிறது. முதல் பையில் நிற்பது 300. ஆக, ஒருவருக்கு 200 கைநஷ்டம், மொத்தம் 2400. விளம்பரம் விற்கிறவர் இந்த இடத்தில் "12 விற்பனை, 12000 வரவு!" என்று பச்சை அம்புக்குறி போட்டுக் காட்டுவார், அதை நம்பி இன்னொரு 6000 போடத் தோன்றும். அந்த 12 பேரில் 5 பேர் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை திரும்ப வந்து வாங்கினால் 3000 வரும், நஷ்டம் போய் 600 மிஞ்சும். அதனால் விளம்பரம் பலித்ததா என்பது விளம்பரம் ஓடிய வாரத்தில் தெரியவே தெரியாது. திரும்ப வருகிறார்களா என்று பார்க்க நோட்டு வேண்டும், பொறுமையும் வேண்டும். திரும்ப வாங்கவே வழியில்லாத பொருளை விற்கிறீர்கள் என்றால் முதல் விற்பனையிலேயே விளம்பரச் செலவு அடங்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

கூட்டம் வந்தால் தாங்குமா

இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு முறை எங்கள் பை ஒன்றின் வீடியோ எப்படியோ பரவிவிட்டது. யார் பகிர்ந்தார்கள் என்றே தெரியவில்லை, நான்கு நாளில் அறுபதுக்கு மேல் ஆர்டர். வாரத்துக்கு இருபது தைக்கிற இடம் எங்களுடையது. நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? இருபதோடு நிறுத்தி, மற்றவர்களிடம் தேதி சொல்லி, சம்மதமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் அத்தனைக்கும் பணம் வாங்கிப் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் "பத்து நாளில் வந்துவிடும்" என்றேன். வழக்கமாக வாங்கும் ஜிப் கிடைக்கவில்லை, கிடைத்த ஜிப்பை வாங்கித் தைத்தோம், ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷின் ஓடியது. அந்த ஜிப் ஒரு மாதத்தில் பல்லைக் காட்ட ஆரம்பித்தது. பாதிப் பேருக்குப் பை தாமதமாகப் போனது, தாமதமாகப் போனதிலும் பாதி திரும்பி வந்தது. வருடக்கணக்கில் சேர்த்த ரிவ்யூ சராசரியை இரண்டே வாரத்தில் இறக்கினேன். அதைவிட வலித்தது, பழைய வாடிக்கையாளர் ஒருவர், எங்களை நான்கு பேருக்குச் சொன்னவர், "இனிமே சொல்ல மாட்டேன்ப்பா, எனக்குத்தான் கெட்ட பேர்" என்றது.

அதனால் விளம்பரத்தைத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு வாரத்துக்கு எத்தனை முடியும், அதற்கு மேல் வந்தால் என்ன தேதி சொல்வேன், எந்த எண்ணிக்கையில் ஆர்டர் எடுப்பதை நிறுத்துவேன். கூட்டம் வந்தபிறகு யோசித்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும், முன்பே எழுதியிருந்தால் தாள் தடுக்கும். தேதி சொல்லும்போது உங்களுக்குத் தோன்றும் நாளோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துச் சொல்லுங்கள். முன்னாலே கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். கச்சாப் பொருளை மாற்ற வேண்டி வந்தால் ஆர்டரை நிறுத்துங்கள், பொருளை மாற்றாதீர்கள்.

எங்கே இருப்பது

எல்லா இடத்திலும் இருக்க முடியாது. ஒரு ரீல்ஸ் எடுத்து வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் இரண்டு பை தைத்துவிடுவேன். இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராமலே போய்விடுகிறது, "ஃப்ரீ மார்க்கெட்டிங்" என்று வேறு பெயர். நோட்டைப் பார்த்து, ஆள் அதிகம் வருகிற இரண்டு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூங்கவிடுங்கள். எனக்கு அது கூகுள் மேப்பும் பழைய வாடிக்கையாளரின் போன் நம்பரும்.

மேப்பில் உங்கள் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்: திறந்திருக்கும் நேரம் சரியாக இருக்கட்டும், லீவு விடுகிற நாளை மறக்காமல் மாற்றுங்கள், மாதம் ஒரு புதுப் படம். ரிவ்யூ கேட்பதில் தயக்கம் வேண்டாம், பொருளைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், அப்போதுதான் பயன்படுத்திப் பார்த்திருப்பார். பரிசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதை கூகுள் விதி தடுக்கிறது. மோசமான ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு எழுதுங்கள், எழுதியவருக்காக இல்லை, அதைப் படிக்கப்போகும் அடுத்த ஆளுக்காக.

ஃபாலோயர்ஸ் எத்தனை பேர் இருந்தாலும் அது வாடகை வீடுதான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நியூஸ் ஃபீடில் நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்கே முதலிடம், வியாபாரப் பக்கங்களின் போஸ்ட் குறைவாகத்தான் தெரியும் என்று அறிவித்தது. பல வருடம் பாடுபட்டு ஆள் சேர்த்திருந்த கடைக்காரர்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. போன் நம்பர் பட்டியல் அப்படி இல்லை, அது உங்கள் கையில் இருக்கும்.

கையில் இருக்கிறதே என்று தினமும் மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள். 1978-இல் கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாம் மெயிலின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள், கேட்காமல் வந்த விளம்பரத்துக்கு அன்றைக்கே திட்டு விழுந்தது. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும், அதனால் பொருளைக் கொடுக்கும்போதே "என் நம்பரை சேவ் பண்ணிக்குங்க, தையல் விட்டா இதுல படம் அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். சேவ் செய்ய ஒரு காரணம் கிடைத்துவிடும். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு மெசேஜ்தான் அனுப்புகிறேன், அதிலும் பாதி பையைச் சுத்தம் செய்வது, ஜிப்புக்கு மெழுகு தேய்ப்பது மாதிரியான விஷயம்.

மந்தமான மாதத்தில்

வருடத்தில் இரண்டு மூன்று மாதம் போன் அடிக்கவே அடிக்காது. அந்த நேரத்தில் புது விளம்பரம், புது லோகோ, புதுப் பெயர் என்றெல்லாம் கை பரபரக்கும், நான் ஒரு முறை லோகோவையே மாற்றினேன், அம்மாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் முதல் வேலை, வரவேண்டிய பாக்கியை வசூலிப்பது. மொத்தமாக வாங்கிப் பாதிப் பணம் நிறுத்தி வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இருப்பார்கள், புது விற்பனை பிடிப்பதைவிட அந்தப் பணம் சீக்கிரம் வரும். அப்புறம் நோட்டைத் திருப்பி, ஒரு வருடத்துக்கு முன் வாங்கியவர்களில் பத்துப் பேரைக் கூப்பிடுவது.

கூப்பிட்டால் விற்காதீர்கள். "போன வருஷம் எங்ககிட்ட பை வாங்கினீங்க, எப்படி இருக்கு? ஜிப், பட்டை ஏதாவது தகராறு பண்ணுதா?" இவ்வளவுதான். பழுது என்றால் கொண்டுவரச் சொல்லி இலவசமாகத் தைத்துக் கொடுங்கள், பத்து நிமிட வேலை. பத்தில் நான்கு பேர் போனை எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்களில் ஒருவர் "நல்லவேளை கூப்பிட்டீங்க" என்று ஆரம்பிப்பார். ஒருவர் குறை சொல்வார், அதையும் அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுகிறேன், அதற்கு முன் யாருக்கும் பேசும் மனநிலை இருப்பதில்லை. சாயங்காலம் என்றால் வீட்டுக்குப் போகும் வழியில் இருப்பார்கள், "அப்புறம் பேசறேன்" என்பார்கள், அந்த அப்புறம் வருவதில்லை.

"இனிமே சொல்ல மாட்டேன்" என்றாரே, அவரையும் ஒரு மந்தமான மாதத்தில்தான் கூப்பிட்டேன். ஜிப் போன நான்கு பையையும் வாங்கி மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு பெண் வந்து குடைப் பை கேட்டார், எப்படித் தெரியும் என்றேன், அவர் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.